கரையேறிய பிறகும் அடிக்கும் அலை
(மனக்காய நோயும் அதற்குள்ள சிகிச்சைகளும்)

மூன்றாமாண்டு மாணவர், இயந்திரவியல் துறை



"ஸ்ட்ரெஸ் என்றால் என்ன?" என்று கேட்டால் நம்மில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து "லோட் பை ஏரியா சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுவான். யூ.டி.எம். மெஷினில் கம்பியை மாட்டி இழுத்து, எந்த இடத்தில் ஈல்டு ஆகிறது, எந்த இடத்தில் அறுகிறது என்று கிராஃப் போட்டு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியவர்கள்தானே நாம்! லோடை எடுத்துவிட்டால் ஸ்ட்ரெஸ் போய்விடும் என்பது நாம் படித்த பாடம்.

ஆனால் வெல்டிங் ஷாப்பில் அந்தப் பாடம் செல்லாது. வெல்டிங் முடிந்து, ஜாப் ஆறி, கசடு தட்டி, பெயிண்ட் அடித்த பிறகும் இரும்புக்குள்ளே ஓர் இழுவிசை தங்கியிருக்கும். வெளியே எந்த லோடும் இருக்காது. பார்ப்பதற்கு நல்ல ஜாப். ஆனால் ஒருநாள் சும்மா இருக்கும்போதே விரிசல் விடும். இதற்கு ரெசிடுவல் ஸ்ட்ரெஸ், அதாவது எச்சத் தகைவு என்று பெயர்.

மனிதனுக்கும் இப்படி ஒன்று உண்டு. பெரிய விபத்து, வெள்ளம், வன்முறை போன்றவை வந்து போன பிறகும் மனத்துக்குள் தங்கிவிடும் அந்தக் காயத்தை ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் 'மனவடு' என்கிறார்கள். நல்ல சொல். நம் பக்கத்தில் இதற்கு 'பயந்த கோளாறு' என்று பெயர். பெயர் எதுவானாலும் இதற்கு மருத்துவம் உண்டு என்பது நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் மூன்று வருடத்துக்கு முன் தெரியாது. என் மாமாவால்தான் தெரிந்துகொண்டேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேர் போடாத, மத்தத எழுது" என்று சொல்லிவிட்டார்.

மாமா என் அம்மாவின் தம்பி. பிறந்து வளர்ந்தது தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் சுமார் எட்டாயிரம் பேர் இறந்தார்கள். அதில் ஆறாயிரத்துக்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். நம் கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை என்று வரிசையாகக் குப்பங்கள் அழிந்தன. பிச்சாவரம் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு என்கிற தீவில் இருந்தவர்கள் மிஞ்சியவர்களாக வெளியேறி, கிள்ளையில் குடியேறினார்கள். நம்மில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். நமக்கு அது பொதுஅறிவுக் கேள்வி. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அப்படியில்லை.

மாமாவுக்கு அப்போது வயது 24. கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சின்னப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான். கடல் எழுந்து வருவதைப் பார்த்ததும் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். தண்ணீர் அடித்தது. கை விட்டுப் போயிற்று. மாமா ஒரு தென்னை மரத்தில் சிக்கி உயிரோடு கிடைத்தார். முட்டியில் ஒரு சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை. "ஒனக்கு ஒண்ணும் ஆவல, கடவுள் காப்பாத்திட்டான்" என்று எல்லோரும் சொன்னார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கதை தெரியும். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட, கல்லே தெப்பமாக மிதந்து இந்தத் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்ந்தார் என்பார்கள். கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரே அதனால் வந்தது. அப்பர் கரையேறி நேராகப் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனார். என் மாமாவும் கரையேறினார். ஆனால் பல வருடங்களாக அவர் தண்ணீருக்குள்ளேயே இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

அவர் திரும்பக் கடலுக்குப் போகவில்லை. திருப்பாதிரிப்புலியூர் வந்து ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். நல்ல கைவேலைக்காரர். ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் சில்வர் பீச்சுக்கு ஒருநாளும் வந்ததில்லை. மாசி மகத்துக்கு ஊரே போகும்போது அவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். எங்கள் வீடு ரயில் பாதைக்குப் பக்கம். மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப்பாதை போட்டு 2010-ல் மறுபடி ரயில் ஓட ஆரம்பித்ததும் அவருக்குத் தொந்தரவு கூடியதாம். ராத்திரி ரயில் வரும் இரைச்சல் அவருக்கு ரயில் இரைச்சலாகக் கேட்காது. எழுந்து கதவைத் திறந்துகொண்டு தெருவில் ஓடிவிடுவார். கையில் எதையாவது இறுக்கிப் பிடித்திருப்பார், தலையணையோ துண்டோ. நான் சின்னப் பையனாக இருந்தபோது இதைப் பார்த்து ஒருமுறை சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நோயின் தன்மை

யுத்தத்தில் குண்டு வெடிப்புகளுக்கு நடுவே இருந்துவிட்டு வந்த சிப்பாய்கள் நடுங்குவதையும் ஊமையாகிப் போவதையும் முதல் உலகப் போரின்போதே மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். சிலர் இதைக் கோழைத்தனம் என்று நினைத்துத் தண்டனைகூட கொடுத்தார்கள். வியட்நாம் போர் முடிந்த பிறகு, 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. அப்புறம்தான் போர் மட்டுமல்ல, விபத்து, பலாத்காரம், இயற்கைச் சீற்றம் எதனாலும் வரும் என்பது தெளிவாயிற்று.

அடையாளங்களை நான்கு வகையாகச் சொல்கிறார்கள். முதலாவது, நடந்தது திரும்பத் திரும்ப வருவது. ஞாபகம் வருவது வேறு. இது இப்போதே நடப்பதுபோல் வருவது. கனவிலும் வரும், விழித்திருக்கும்போதும் வரும். இரண்டாவது, அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது. மூன்றாவது, மனம் மரத்துப் போவது, "எல்லாம் என்னாலதான்" என்ற குற்றவுணர்வு, யார் மேலும் ஒட்டுதல் இல்லாமை. நான்காவது, உடம்பு எந்நேரமும் உஷார் நிலையில் இருப்பது. தூக்கம் வராது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப் போடும், எரிச்சல் வரும். இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் உறவையும் கெடுத்தால்தான் நோய் என்கிறார்கள். முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது யாருக்கும் சகஜம். பெரும்பாலோர் தாமாகவே சரியாகிவிடுவார்கள்.

சுனாமிக்குப் பின் சில மாதங்களில் தமிழ்நாட்டு மீனவக் கிராமம் ஒன்றில் 314 பெரியவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 12.7 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதாவது எட்டில் ஒருவர். பெண்களுக்கும், அடிபட்டவர்களுக்கும், வருமானம் நின்றுபோன வீட்டாருக்கும் அதிகம். வருமானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். படகும் வலையும் போனவனுக்கு முதல் மருந்து படகும் வலையும்தான். இதை எந்த மனநல மருத்துவரும் மறுக்கமாட்டார்.

எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். மூளையில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி, ஆபத்து வந்தால் டிரிப் ஆக்கும் ரிலே மாதிரி. ஒரு பெரிய ஃபால்ட்டுக்குப் பிறகு அந்த ரிலேயின் செட்டிங் கீழே இறங்கிவிடுகிறது. சும்மா மோட்டார் ஸ்டார்ட் ஆனாலே டிரிப் அடிக்கிறது. இன்னொரு பக்கம், 'இது நடந்தது இந்தத் தேதியில், இப்போது முடிந்துவிட்டது' என்று ஞாபகத்தை ஃபைல் போட்டு வைக்கும் வேலையும் கெட்டுப்போகிறது. தேதி இல்லாத ஞாபகம் என்றைக்கும் இன்றைக்கே நடக்கும்.

'மறந்துடு' என்பது மருந்தல்ல

என் மாமாவுக்கு எங்கள் வீட்டில் செய்த வைத்தியங்களைக் கேளுங்கள். ஆயா கூட்டிக்கொண்டு போய் மந்திரித்து, தாயத்துக் கட்டினார். விபூதியால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டதுதான் தப்பு. "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப் பூடும்" என்று கல்யாணம் செய்தார்கள். அத்தை பாவம். யாரோ சொல்லி ஒரு மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். சாராயமும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றுக்கும் மேலே வருகிறவன் போகிறவன் எல்லாம் சொன்ன ஒரே வார்த்தை: "பழச மறந்துடுடா."

நண்பர்களே, இந்த நோயே மறக்க முயல்வதால்தான் நிலைக்கிறது. கடலுக்குப் போகாமல் இருந்தால் இன்றைக்கு நிம்மதி. ஆனால் 'கடல் ஆபத்து, போகாததால்தான் பிழைத்தேன்' என்று மூளை ஒவ்வொரு நாளும் பாடம் படிக்கிறது. வருஷம் ஆக ஆகப் பயம் கூடுகிறது. கடலில் ஆரம்பித்தது ரயிலுக்கு வந்தது, அப்புறம் குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கே வந்தது.

இதற்கு எதிரான தப்பு ஒன்றும் உண்டு. அடிபட்ட மறுநாளே எல்லோரையும் உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டச் சொல்வது. முன்பு இதை ஒரு சிகிச்சையாகவே செய்தார்கள். பல ஆய்வுகளில் இதனால் நன்மை இல்லை, சிலருக்குக் கெடுதல்கூட ஆகிறது என்று தெரிந்ததால் இப்போது வேண்டாம் என்கிறார்கள். சுனாமிக்குப் பின் குப்பத்துக்கு வந்த குழுக்களெல்லாம் குழந்தைகளிடம் தாளும் கலரும் கொடுத்து அலையை வரையச் சொன்னதாக அம்மா சொல்வார். காலையில் ஒரு வேன், சாயங்காலம் ஒரு வேன். ஒரே குழந்தை ஐந்து முறை அதே அலையை வரைந்தது. பிறகு அந்த வேன்கள் வரவேயில்லை.

முதல் நாட்களில் செய்ய வேண்டியது வேறு. அதை மனத்துக்கான முதலுதவி என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் இதற்கு ஒரு கையேடே போட்டது. பத்திரமான இடம், தண்ணீர், சாப்பாடு, காணாமல் போனவரைத் தேட உதவி, பக்கத்தில் ஓர் ஆள். அவராகப் பேசினால் காதுகொடுத்துக் கேட்பது, பேசாவிட்டால் தோண்டாமல் இருப்பது. இவ்வளவுதான். இதற்கு டாக்டர் வேண்டியதில்லை, நாமே செய்யலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 1999 ஒரிசா புயல், 2001 குஜராத் பூகம்பம் ஆகியவற்றில் பெற்ற அனுபவத்தை வைத்து, சுனாமிக்குப் பின் உள்ளூர் ஆட்களுக்கு இந்த மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள். சென்னையில் 'சிநேகா' அமைப்பு பயிற்சி பெற்ற சாதாரண தன்னார்வலர்களை மீனவர் குடியிருப்புக்கு அனுப்பி, பாதிக்கப்பட்டவர்களோடு தொடர்ந்து பேசிப் பழகவைத்தது. அப்படிப் பழகப்பட்டவர்களின் மனச்சோர்வு, ஆள் போகாத இடத்தோடு ஒப்பிடும்போது நன்றாகக் குறைந்திருந்தது.

பேச்சு வழிச் சிகிச்சைகள்

ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து நோயாக ஆகிவிட்டால் முதலுதவி போதாது. அப்போது முதலில் நிற்பது பேச்சு வழிச் சிகிச்சைதான். பேச்சு என்றால் ஆறுதல் பேச்சு அல்ல. அளவோடும் வரிசையோடும் செய்கிற வேலை.

வெல்டிங் ஜாப்பில் எச்சத் தகைவை எப்படி எடுக்கிறோம்? ஃபர்னஸில் வைத்து மெதுவாகச் சூடேற்றி, சுமார் 600 டிகிரியில் கொஞ்ச நேரம் நிறுத்தி, ஃபர்னஸிலேயே மெதுவாக ஆறவிடுகிறோம். எந்தச் சூடு தகைவை உண்டாக்கியதோ அதே சூட்டைக் கட்டுப்பாட்டோடு கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்கினால் ஜாப் காலி. இந்தச் சிகிச்சைகளின் சூட்சுமமும் இதேதான்.

முக்கியமானது 'நீடித்த எதிர்கொள்ளல்' என்கிற முறை. எட்னா ஃபோவா என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்தது. வாரம் ஒன்று அல்லது இரண்டு சிட்டிங், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை, மொத்தம் எட்டிலிருந்து பதினைந்து. முதலில் நோயைப் பற்றி விளக்கிச் சொல்லி, மூச்சுப் பயிற்சி கற்றுக் கொடுக்கிறார்கள். பிறகு கண்ணை மூடி, அன்று நடந்ததை 'நடந்தது' என்று சொல்லாமல் 'நடக்கிறது' என்று ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொல்ல வேண்டும். சொன்னதை டேப் செய்து வீட்டில் தினமும் போட்டுக் கேட்க வேண்டும். முதல் தடவை உயிர் போகும். ஐந்தாம் தடவை அழுகை வரும். பத்தாம் தடவை அது ஒரு கதையாக ஆரம்பிக்கும், தேதியோடு.

இதோடு கூடவே தவிர்த்த விஷயங்களைச் சின்னதிலிருந்து பெரிது வரை ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். மாமாவின் பட்டியலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று ரயில் கடப்பதைப் பார்ப்பது. கெடிலம் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்ப்பது. பீச் ரோட்டில் பாதி தூரம் போவது. சில்வர் பீச் மணலில் உட்காருவது. காலை நனைப்பது. கடைசியாக மாசி மகக் கூட்டம். ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும், ஓடிவிடக் கூடாது. ஸ்டேஷனில் முதல் நாள் மாமா என் தோளைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் தழும்பு இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, பயந்த நண்பனை இழுத்துக்கொண்டு போய்க் கடலில் தள்ளிவிடாதீர்கள்! பயிற்சி பெற்றவர் போடும் வரிசையில், நோயாளியின் சம்மதத்தோடு செய்தால்தான் இது மருந்து. இல்லாவிட்டால் இன்னொரு விபத்து.

இரண்டாவது முறை, நினைப்பைச் சீர்தூக்கிப் பார்ப்பது. பாட்ரிசியா ரெசிக் என்பவர் வகுத்த இதில் வழக்கமாகப் பன்னிரண்டு சிட்டிங். காயத்தைச் சுற்றி வளர்ந்த 'எல்லாம் என்னாலதான்', 'உலகத்தில் எங்கேயும் பத்திரமில்லை' மாதிரி முடிவுகளை எடுத்து, சாட்சியம் என்ன, எதிர்ச் சாட்சியம் என்ன என்று எழுதிப் பார்க்கவைப்பார்கள். மாமாவின் சிகிச்சையில் இதையும் கலந்து செய்தார்கள். 'நான் கையை விட்டுட்டேன்' என்பதுதான் அவர் பத்தொன்பது வருடமாகச் சுமந்த வாக்கியம். அந்தச் சைக்காலஜிஸ்ட் மேடம் அவரிடம், "நீங்க விட்டீங்களா, போச்சா?" என்று ஒரே கேள்வி கேட்டு, அதைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். மாமாவுக்கு எழுத வரவில்லை. என்னிடம் வந்தார்.

எனக்குத் தெரிந்தது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்தான். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. அலையின் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் என்று குறைவாகவே வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 12,500 நியூட்டன் அழுத்தம். ஒரு ஆளின் உடம்பில் அரை சதுர மீட்டர் தண்ணீருக்கு எதிரே நின்றால்கூட 6,250 நியூட்டன். அதாவது 600 கிலோவுக்கு மேல். நல்ல பலசாலியின் ஒரு கைப்பிடி ஐம்பது கிலோ பக்கம் வரும். கணக்கைப் போட்டு மாமாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தா?" என்று கேட்டார்.

"ரெண்டு கையாலயும் அப்படித்தான் மாமா."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். எனக்கு அந்தப் பேப்பரில் 38 மார்க்தான். ஆனால் நான் போட்ட கணக்குகளிலேயே இது ஒன்றுதான் யாருக்காவது பயன்பட்டது.

மூன்றாவது முறை, இ.எம்.டி.ஆர். என்கிற கண்ணசைவு முறை. 1987-ல் ஃபிரான்சின் ஷாபிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இடமும் வலமும் அசையும்போது தன் வேதனையான நினைவின் வேகம் குறைவதைக் கவனித்து இதை உருவாக்கினாராம். சம்பவத்தின் ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, சிகிச்சையாளரின் விரல் இருபுறமும் அசைவதைக் கண்ணால் தொடரவேண்டும். கேட்டால் மாயாஜாலம் மாதிரி இருக்கிறது. கண் அசைவுதான் குணமாக்குகிறதா, நினைவை எதிர்கொள்வதுதான் குணமாக்குகிறதா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் பலன் இருப்பதை உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டு பரிந்துரைக்கிறது. நடந்ததை விவரமாக வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்கு இது சௌகரியம்.

நான்காவது முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவருக்கு ஒரே ஒரு அலை அடித்தால் மேலே சொன்னது சரி. போர், இடப்பெயர்வு, சுனாமி என்று அடிமேல் அடி விழுந்தவர்களுக்கு? அவர்களுக்காக ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர்கள் வகுத்தது வாழ்க்கைக் கதைச் சிகிச்சை. தரையில் ஒரு கயிற்றைப் போடுகிறார்கள். அதுதான் வாழ்க்கை. நல்ல நிகழ்ச்சி நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து அதன் கதையைச் சொல்லி, சிகிச்சையாளர் எழுதி, கடைசியில் முழு வாழ்க்கை வரலாற்றையும் அவர் கையில் கொடுக்கிறார்கள். இலங்கையின் வடகிழக்கில் போரும் சுனாமியும் சேர்ந்து தாக்கிய 31 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்த முறையையும் மற்றதற்குத் தியானம் மற்றும் தளர்வுப் பயிற்சியையும் ஆறு சிட்டிங் கொடுத்தார்கள். உள்ளூர் ஆட்களே பயிற்சி பெற்றுக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவில் 81 சதவீதமும் இரண்டாம் பிரிவில் 71 சதவீதமும் குணமடைந்திருந்தார்கள். தியானமும் லேசுப்பட்டதல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனாலும் 31 பேர் என்பது சின்னக் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது.

இலங்கை என்றதும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அங்கிருந்து வைத்தியம் பார்த்தவர். 'மனவடு' என்ற பெயரில் தமிழிலேயே நூல் எழுதியவர். தனி மனிதன் மட்டுமல்ல, சமூகமே காயப்படுகிறது. ஆகவே சடங்கு, கூத்து, கூடி அழுவது இவற்றுக்கும் மருத்துவத்தில் இடம் உண்டு என்பது அவர் கருத்து. நம் வீடுகளில் ஒப்பாரியை நிறுத்திவிட்டு டி.வி.யைப் போடுகிறோமே, அதைப் பற்றியும் யோசிக்கலாம்.

மாத்திரைகள்

எல்லோருக்கும் மாத்திரை தேவையில்லை. பேச்சுச் சிகிச்சை கிடைக்காத இடத்திலும், மனச்சோர்வு சேர்ந்து பேசவே முடியாத நிலையிலும் மாத்திரை கைகொடுக்கும். செர்ட்ராலின், பாராக்செட்டின் என்ற இரண்டும் இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. இவை மயக்க மருந்து அல்ல, போதையும் அல்ல. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி வரலாம். "மாத்திரை ஒத்துக்கல" என்று நம்மவர்கள் நிறுத்துவது அந்த வாரத்தில்தான்! குணமான பிறகும் பல மாதம் சாப்பிட்டு, டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது. நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். அப்படித் தோன்றினால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டிலும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கெட்ட கனவுக்காக பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைச் சிலருக்குக் கொடுக்கிறார்கள். ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. ஆனால் அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரைகள் விஷயத்தில் நிபுணர்களிடையே பெரிய குழப்பமில்லை. இந்த நோய்க்கு அவை வேண்டாம் என்கிறார்கள். அன்றைக்குத் தூங்கவைக்கும், பழக்கமாகிவிடும், காயம் அப்படியே இருக்கும். மாமா அதை விடுவதற்கே டாக்டர் மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். சாராயமும் இதே கதைதான், விலைதான் வேறு.

எங்கே போவது?

மஞ்சக்குப்பத்தில் உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் என்று அரசுத் திட்டமும் இருக்கிறது. எல்லா இடத்திலும் எல்லா முறையும் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். மேலே சொன்ன முறைகளில் பயிற்சி பெற்றவர்கள் நம் நாட்டில் குறைவு. அதனால் வெட்கப்படாமல் கேளுங்கள்: "இது மனக்காயத்துக்கான தனிச் சிகிச்சையா, எத்தனை சிட்டிங், வீட்டுப்பாடம் உண்டா?" வெறும் ஐந்து நிமிடம் பார்த்து மாத்திரை மட்டும் எழுதினால் இன்னொரு இடமும் கேட்டுப் பார்க்கலாம். நேரில் போகத் தயக்கமா? 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்துநாலு மணி நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம். தமிழில் பேசுவார்கள்.

"வெளியே தெரிஞ்சா கேம்பஸ் இன்டர்வியூல கை வெச்சுடுவான்" என்று ஹாஸ்டலில் ஒரு பேச்சு இருக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை பெறுவதை உரிமையாகவும், அந்த விவரத்தை ரகசியமாக வைப்பதை மருத்துவமனையின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது.

இதெல்லாம் மீனவர் விஷயம், நமக்கென்ன என்று யாராவது நினைக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய, மனம் சாய்ந்தவர்களும் உண்டு. 2015 மழை வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எல்லாம் நாமே பார்த்தவை. 2020-ல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7, ஜூலை 1 என்று இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த மாதிரி இடங்களுக்குத்தான் நாம் அப்ரண்டிஸாகப் போகிறோம். பைக்கில் போய் விழுந்து, பின்னால் உட்கார்ந்தவனை இழந்துவிட்டு, முட்டியில் சிராய்ப்போடு கிளாஸுக்கு வருகிறவன் நம்மிடையேயும் இருக்கலாம். அவன் திடீரென்று ஷாப்புக்கு வராமல் போனால், கிரைண்டர் சத்தத்துக்குத் துள்ளினால், 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டப்பெயர் வைக்கிறோம்.

மாமாவின் சிகிச்சை பதினான்கு சிட்டிங்கில் முடிந்தது. ராத்திரி ரயில் வந்தால் இப்போதும் விழித்துக்கொள்கிறார். ஆனால் எழுந்து ஓடுவதில்லை. "நாகூர் வண்டியா, லேட்டா வர்றான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். போன கார்த்திகையில் சில்வர் பீச் மணலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். காலையும் நனைத்தார். அந்தப் பையனின் அம்மாவை இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் எல்லாவற்றுக்கும் நேரே டிக் போட்டிருக்கிறார், கடைசி ஒன்றைத் தவிர. மாசி மகத்துக்கு என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எனக்கு பிராக்டிகல் இருக்கிறது. ஹெச்.ஓ.டி. சார் மனது வைக்க வேண்டும்.